ஆயிலில் கூலன்ட்டா, கூலன்ட்டில் ஆயிலா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

இன்ஜின் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் கலந்துவிட்டதாகவோ, கலந்திருக்குமோ என்று ஐயப்பட்டோ எழுதிய வாசகர்களின் கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2016-ஆம் ஆண்டு வாங்கிய 1.3 லிட்டர் டீசல் கார் உள்ளது. இதுவரை 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வியாபார வேலையாக ஆண்டிபட்டி கணவாய் வழியாகத் தேனிக்கு அடிக்கடி போய் வருவேன். சென்ற வாரம் கூலன்ட் டேங்கின் மூடியைத் திறந்தபோது உட்புறம் முழுவதும் பழுப்பு நிறத்தில் கெட்டியான படலம் ஒட்டியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் வழக்கம்போலக் கறுப்பாகவே இருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஒருநாளும் ஏறியதில்லை. மதுரையில் காட்டியபோது, 'ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்' என்று ஒரு மெக்கானிக் சொன்னார். எங்கள் ஊர் மெக்கானிக்கோ, 'ஆயில் கூலராகத்தான் இருக்கும்' என்கிறார். யார் சொல்வதை நம்புவது, ஐயா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்ட வேண்டாம். எந்த இடத்தில் கசிகிறது என்று உறுதியாகும் வரை, பரிசோதனைக்காகச் சில நிமிடங்கள் ஓடவிடுவதைத் தவிர இன்ஜினை இயக்காமல் இருப்பதே நல்லது. மெக்கானிக்கின் பட்டறை தொலைவில் இருந்தால் வண்டியை ஏற்றிச் செல்ல ஆகும் வாடகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். கூலன்ட்டில் கலந்த ஆயில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து நீரோட்டத்தை அடைக்கும். இதுவரை ஏறாத முள், கணவாய் ஏற்றத்தில் ஒருநாள் திடீரென்று ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதே வழியாகக் கூலன்ட் ஆயிலுக்குள் போவது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் உலோகத்தை உலோகத்தோடு உரசவிடாமல் காப்பது ஆயில் படலம் ஒன்றே. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சேர்ந்த ஆயிலால் அந்தப் படலத்தைத் தாங்க முடியாது. பேரிங்கும், அதே ஆயிலை நம்பிச் சுழலும் டர்போவும் போய்விட்டால் கேஸ்கெட்டா, கூலரா என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

இனி யார் சொல்வது சரி என்பதைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள செய்தி, கூலன்ட்டில் ஆயில் இருக்கிறது, ஆயிலில் கூலன்ட் இல்லை என்பதுதான். இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். மெதுவாக ஓடும்போது 1 பார் அளவுக்கு இறங்கும். கூலன்ட்டின் அழுத்தத்தை டேங்க் மூடியில் உள்ள வால்வு ஏறத்தாழ 1 முதல் 1.4 பாருக்குள் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே எங்கேனும் ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது ஆயில்தான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது; கூலன்ட் ஆறும் வரை அதன் அழுத்தம் நிற்கிறது. அந்த நேரத்தில் கூலன்ட் எதிர்த்திசையில் ஆயிலுக்குள் இறங்க முடியும். ஓட்டை சிறியதாகவும், ஆயில் அழுத்தத்தோடு போகும் பாதையிலும் இருந்தால் முதலில் கூலன்ட் டேங்க்தான் கெடும். உங்கள் டிப் ஸ்டிக் இன்று சுத்தமாக இருக்கிறது என்பதால் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆயிலும் கூலன்ட்டும் ஒரு மெல்லிய சுவருக்கு இருபுறமும் ஓடும் இடங்கள் மிகச் சில. ஒன்று, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட். சிலிண்டரில் எரியும் வாயு, மேலே ஏறும் ஆயில், சுற்றிவரும் கூலன்ட் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது அதுதான். இரண்டாவது, ஹெட்டிலோ பிளாக்கிலோ விழும் வெடிப்பு. பெரும்பாலும் கடுமையாகச் சூடேறிய இன்ஜின்களில் காணப்படுவது. மூன்றாவது ஆயில் கூலர். ஃபியட் வடிவமைத்து, மாருதி, டாடா உள்ளிட்ட நிறுவனங்களின் கார்களில் 2020 வரை வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில், ஆயில் ஃபில்டர் அமரும் பகுதியோடு சேர்த்தே இந்தக் கூலர் பொருத்தப்பட்டிருக்கிறது. அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளில் ஓர் அடுக்கில் ஆயிலும் மறு அடுக்கில் கூலன்ட்டும் ஓடுகின்றன. தகடு ஒன்றில் ஊசி நுழையும் அளவு துளை விழுந்தாலோ, அடியில் உள்ள ரப்பர் சீல் இறுகிப் போனாலோ நீங்கள் கண்ட பழுப்புப் படலம் உருவாகிவிடும்.

முள் ஏறியதில்லை, ஆயில் கெடவில்லை, சிலிண்டருக்குள் கூலன்ட் போனால் வரும் வெள்ளைப் புகை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஊர் மெக்கானிக் சொல்வதை முதலில் சோதித்துப் பார்ப்பதே முறை. ஆனாலும் மதுரைக்காரர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துவாரத்துக்கும் பக்கத்தில் உள்ள கூலன்ட் துவாரத்துக்கும் நடுவே மட்டும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் வெளியே தெரியும் அறிகுறிகள் அச்சாக இவைதாம். அவர் மீது எனக்குள்ள குறை, எந்தச் சோதனையும் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொன்னார் என்பது மட்டுமே.

சோதனைகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் செய்யச் சொல்லுங்கள். இரவு முழுவதும் ஆறிய வண்டியில், காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். (சூடான இன்ஜினில் அந்த மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது, அழுத்தம் விலகியவுடன் கூலன்ட் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.) டேங்கில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடியைப் போட்ட பிறகு மேல் ஹோஸ் சூடேறுவதற்கு முன்பே கல்லாக இறுகினாலோ சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது, அதாவது கேஸ்கெட் அல்லது ஹெட் என்று கொள்ளலாம். இதையே உறுதிப்படுத்த ஒரு நீல நிறத் திரவம் இருக்கிறது. டேங்கிலிருந்து எழும் காற்றை அதன் வழியே இழுத்தால், கரியமில வாயு இருக்கும்போது அது மஞ்சளாக மாறும். டீசல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த வாயு குறைவு என்பதால் நிறம் பச்சையோடு நின்றுவிடுவதும் உண்டு. சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் தென்படவில்லை என்றால் ஆயில் கூலரைக் கழற்றச் சொல்லுங்கள். சந்தேகத்தின் பேரில் புதிதை வாங்கி மாட்டுவதற்கு முன், பழையதைச் சோதிப்பது எளிது. ஆயில் செல்லும் பக்கத்தில் ஒரு துவாரத்தை அடைத்து, மற்றொன்றின் வழியே 3 அல்லது 4 பார் காற்றைக் கொடுத்து, வெந்நீரில் முக்கிப் பிடித்தால் கூலன்ட் துவாரத்திலிருந்து குமிழி வரும். வெந்நீர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, உலோகம் விரிந்தால்தான் வாய் திறக்கும். தண்ணீர்த் தொட்டியில் குனிந்து ஒரு முழு நிமிடமாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மயிரிழை வெடிப்பிலிருந்து குமிழி தொடர்ச்சியாக வராது, விட்டுவிட்டு ஒன்றொன்றாகத்தான் வந்து ஒட்டி நிற்கும். குமிழி வந்தால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. வராவிட்டால், அப்போது மதுரைக்காரரிடம் போகலாம்.

ஹெட்டை இறக்கும்படி ஆனால் சில வேலைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். லேத் பட்டறையில் ஹெட்டின் கூலன்ட் துவாரங்களை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துத் தட்டைத்தன்மையை அளக்க வேண்டும். சிறிய அலுமினிய ஹெட்டுகள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகையாக இருந்தால் புதிய போல்ட்டுகளே போட வேண்டும். டீசலில் பிஸ்டன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைப் பொறுத்துக் கேஸ்கெட்டின் கனம் மாறும் என்பதால், பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள அடையாள வெட்டுகளைப் பார்த்து அதே கனத்தை வாங்க வேண்டும்.

எது பழுதாக இருந்தாலும், சரிசெய்த பிறகு உள்ளே தங்கிய ஆயிலைக் கழுவி எடுப்பது பாதி வேலை. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது ஹோஸ்களின் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி சோடா அலுமினியத்தை அரிக்கும், அதுவும் வேண்டாம். ரேடியேட்டர் கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடேற்றி, ஆறவிட்டு வடிக்க வேண்டும். வடியும் தண்ணீரில் எண்ணெய்ப் பளபளப்பு அறவே நீங்கும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரே கழுவலில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்திவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, காற்று தங்காமல் வெளியேற்ற வேண்டும். தொட்டால் பிசுபிசுப்பாகவோ உப்பலாகவோ இருக்கும் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தாலும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் பெட்ரோல் – சிஎன்ஜி காரில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால், அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை படிந்திருக்கிறது. காலையில் பேரனைப் பள்ளியில் விடுவது, மாலையில் கடைக்குப் போவது தவிர இந்தக் காருக்கு வேறு ஓட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று பயமுறுத்துகிறார்.
– மதுரை அண்ணா நகர் வாசகர்

பதில்: பயப்பட வேண்டாம். ஆனால் கவனிக்காமலும் விட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. சிஎன்ஜி எரியும்போது நீராவி அதைவிட அதிகம். அதில் சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இறங்குவது இயல்பு. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள். ஈரம் மேலே எழும்பி, எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருக்கும் மூடியில் படிந்து ஆயிலோடு நுரைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது மதுரையிலேயே நடக்கும்; கொடைக்கானலில் ஆண்டு முழுவதும் பார்க்கலாம்.

மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, கூலன்ட் டேங்கில் இன்றைய அளவைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். பிறகு மேலூர் சாலையிலோ ரிங் ரோட்டிலோ ஒரே மூச்சில் 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடி, டிப் ஸ்டிக், கூலன்ட் அளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். மூடி சுத்தமாகி, டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் கோட்டிலேயே நின்றால் கசிவு இல்லை. கூலன்ட் குறைந்து டிப் ஸ்டிக்கிலும் அதே நுரை நிறம் தெரிந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். ஐயம் தீராவிட்டால் டிப் ஸ்டிக்கிலிருந்து சில சொட்டு ஆயிலை ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியில் விட்டு, திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அடியில் சூடு காட்டுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரிந்து தெறிக்கும். இல்லாவிட்டால் சத்தமின்றி மெல்லப் புகையும். இவ்வளவு குறுகிய ஓட்டம் உள்ள வண்டிக்கு, கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுவதே சரி.

கேள்வி: எங்கள் மூன்று சிலிண்டர் டிராக்டரில் தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வெளியே எங்கும் ஒழுகவில்லை. ஆயில் அளவு மட்டும் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, நிறமும் மங்கலாக இருக்கிறது. உழவு நேரம் என்பதால் வண்டியை நிறுத்த மனமில்லை.
– சோழவந்தான் வாசகர்

பதில்: உழவு நேரத்தில் கிராங்க் போனால் அந்தப் போகமே போய்விடும் என்பதால் இன்றே நிறுத்துங்கள். ஆயில் அளவு தானாகக் கூடினால் பெரும்பாலும் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குவதுதான் காரணம். டீசல் இறங்கினால் ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடிக்கும், நிறம் மங்காது. உங்கள் ரேடியேட்டர் குறைவதால் இது தண்ணீர்தான்.

டிராக்டரைச் சமதரையில் இரவு முழுவதும் அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். விடிந்ததும், ஸ்டார்ட் செய்யாமல், சம்ப்பின் அடிப் போல்ட்டைக் கழற்றிவிடாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் முதலில் கசிவது தெளிந்த தண்ணீராகவோ கலங்கிய தண்ணீராகவோ இருக்கும். அது நின்ற பிறகுதான் ஆயில் இறங்கத் தொடங்கும். முதலில் இறங்கியதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டிராக்டர் இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் வெளிச்சுவர் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. அடியில் ரப்பர் ஓ-ரிங்குகள்தாம் தண்ணீரைச் சம்ப்புக்குள் இறங்கவிடாமல் தடுக்கின்றன. சம்ப்பைக் கழற்றி, கீழே செய்தித்தாளை விரித்து, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைனருக்கும் பிளாக்குக்கும் இடையிலிருந்து சொட்டினால் ஓ-ரிங். லைனருக்குள் இருந்து, பிஸ்டன் வழியாகச் சொட்டினால் லைனரில் துளையோ, மேலே கேஸ்கெட் பழுதோ இருக்கிறது. வால்வு ராடுகள் போகும் வழியாக இறங்கினால் ஹெட்டைப் பார்க்க வேண்டும். முன்புறம் டைமிங் கவர் பக்கமாக வந்தால், வாட்டர் பம்பு அமரும் இடத்து கேஸ்கெட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் எந்த வேலை என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீராகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். உப்பும் சுண்ணமும் நிறைந்த அந்தத் தண்ணீர் லைனரின் மேல் படிந்து வெப்பத்தை வெளியேறவிடாமல் செய்கிறது, ஓ-ரிங் அமரும் பள்ளத்தையும் அரிக்கிறது. இது போதாதென்று, டீசல் எரியும் அதிர்வில் லைனரின் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் உருவாகி உடைந்து உடைந்து உலோகத்தைக் கொறிக்கின்றன. கூலன்ட்டில் சேர்க்கப்படும் தடுப்பு மருந்துகள் இந்தக் கொறிப்பைக் குறைப்பதற்காகவும்தான் இருக்கின்றன. ஓ-ரிங் மாற்றிய பின் மறுபடியும் போர் தண்ணீரை ஊற்றினால் செலவு முழுவதும் வீண்.

கேள்வி: பழைய கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதியில் வெள்ளம் வந்தபோது அந்தக் கார் தண்ணீரில் நின்றதாகவும், பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாகவும் உரிமையாளரே சொல்கிறார். ஆயிலும் கூலன்ட்டும் புத்தம் புதிதாக இருக்கின்றன. உள்ளே என்ன நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வில்லாபுரம் வாசகர்

பதில்: மறைக்காமல் சொன்ன உரிமையாளரிடம் நன்றி கூறிவிட்டு, செய்த வேலைக்கான பில்லைக் கேளுங்கள். வெள்ளத் தண்ணீர் ஆயிலில் கலப்பதும், கூலன்ட் கலப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் விளைவு வேறு. வெள்ளத் தண்ணீர் வெளியிலிருந்து ஒருமுறை நுழைந்தது. ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயிலை வடித்து, புது ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்து மாற்றியிருந்தால் இன்ஜின் பிழைத்திருக்கும். காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்த நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால், தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ராடு அப்படி வளைந்தாலும் இன்ஜின் ஓடும். ஆனால் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கூலன்ட் கலந்த வரலாறு உண்டா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலையில் போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் தொடருங்கள். புது ஆயில் எதையும் சொல்லாது. ஆயில் ஊற்றும் வாயின் உள்மடிப்புகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய நுரை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தால் அதைத் துடைக்க யாருக்கும் கை எட்டியிருக்காது. கூலன்ட் டேங்க் மட்டும் புதிதாகவும் சுற்றியுள்ளவை பழையனவாகவும் இருந்தால் காரணம் கேளுங்கள். உரிமையாளர் சம்மதித்தால் ரேடியேட்டர் மேல் ஹோஸின் ஒரு முனையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தேயுங்கள். ஆயில் பட்ட ரப்பர் வழவழப்பாக ஊறி, விரலில் கறுப்பாக ஒட்டும். எத்தனை முறை கழுவினாலும் இந்தத் தடயம் போகாது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் புதிய கேஸ்கெட்டின் ஓரம் தெரிந்தால், லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்த பில் இருந்தாக வேண்டும். பில் உள்ள ஹெட் வேலையைக் குறையாக நான் கருதமாட்டேன். முறையாகச் செய்யப்பட்டிருந்தால் அது நல்ல வண்டிதான்.

கடைசியாக, கூலன்ட் அளவைக் கோடிட்டுவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கப்பலூர் வரை போய் வாருங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்டு, கூலன்ட் அளவை முதலில் குறித்த கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் உள்ள எங்கள் காரின் கூலன்ட் டேங்கில் இளஞ்சிவப்பு நிறத்தில் கெட்டியான திரவம் மிதக்கிறது. இன்ஜின் ஆயில் நன்றாக இருக்கிறது. இதுவும் கேஸ்கெட் பழுதா?
– திருநகர் வாசகர்

பதில்: இல்லை. இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயை ரேடியேட்டருக்குள்ளேயோ, அதன் அருகில் கூலன்ட் ஓடும் தனிக் கூலரிலோ வைத்திருப்பார்கள். அது உடைந்து, சிவப்பான கியர்பாக்ஸ் ஆயில் கூலன்ட்டில் கலந்திருக்கிறது. இன்ஜினைவிட இங்கே அவசரம் அதிகம். கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை ஊறி உரிந்துவிடும், அதன் பிறகு கியர்பாக்ஸைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. வண்டியை ஓட்டாமல் ஏற்றிச் சென்று, கூலரை மாற்றி, இரண்டு பக்கத்தையும் முழுமையாகக் கழுவச் சொல்லுங்கள். சாதாரணக் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் ஏஎம்டி எனப்படும் வகையில் இப்படிக் கூலர் கிடையாது என்பதால் அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் கசிவு நிற்கும் என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். ஆயில் கலக்கும் வண்டிக்கும் அது உதவுமா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்பது உண்மையா?
– திருமங்கலம் வாடகைக் கார் ஓட்டுநர்

பதில்: இரண்டும் வேண்டாம். மஞ்சள் தூள் தண்ணீரில் ஊறி உப்பி, ரேடியேட்டரின் ஊசித் துளை ஒன்றை வீடு போய்ச் சேரும் வரை அடைக்கக் கூடும். ஆயிலும் கூலன்ட்டும் கலக்கும் இடத்தில் 3 பாருக்கு மேல் ஆயில் தள்ளிக்கொண்டிருக்கிறது; அங்கே எந்தத் தூளும் நிற்காது. மாறாக, ஆயிலோடு குழைந்து ரேடியேட்டர் குழாய்களிலும் வாட்டர் பம்பிலும் கட்டியாகி, கழுவும் வேலையை இரட்டிப்பாக்கும். கடைகளில் விற்கும் கசிவு அடைப்பான் திரவத்துக்கும் இது பொருந்தும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் குளிர்ந்தே ஓடும். டீசல் செலவு கூடும், அண்ணா நகர் வாசகருக்குச் சொன்ன ஈரமும் ஆயிலில் தங்கும். சூடு ஏறுகிறதென்றால் ஃபேன், வாட்டர் பம்பு, ரேடியேட்டர் அடைப்பு, மூடியின் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். மலைப்பாதையில் தொடர்ந்து ஓடும் வாடகை வண்டியில் ஒருமுறை முள் சிவப்பைத் தொட்டாலே ஹெட் வளையப் போதுமானது.

கேள்வி: வீட்டு வாசலில் வைத்தே மெக்கானிக் கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்துத் தந்தார். இரண்டு வாளி இருக்கிறது. எங்கே ஊற்றுவது? தெரு நாய்கள் மோந்து பார்க்கின்றன.
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: வாளிகளை உடனே மூடி, நாய், பூனை, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்கடையிலோ கண்மாய் வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. இறுக மூடும் கேன்களில் நிரப்பி, பழைய ஆயில் எடுத்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்க்கும் பெரிய சர்வீஸ் நிலையம் எதிலாவது, உள்ளே கூலன்ட் கலந்திருக்கிறது என்று சொல்லி ஒப்படையுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மணலைக் கொட்டி அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவுங்கள். ஏதேனும் ஒரு நாய் நக்கியதைப் பார்த்திருந்தால், அது நன்றாக நடமாடினாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பயன் கிடைக்கும். என்ன நச்சு என்பது அவருக்கு உடனே தெரிய வேண்டுமென்பதால், கூலன்ட் வந்த காலி கேனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.